முப்பத்தாறாம் எண் நிலத்துக்குப் போகும் வழி

1889 நவம்பர் 8. அறுநூற்று நாற்பது ஏக்கர், பள்ளிக்கூடங்களுக்காக. விலை இல்லை.
1974 அக்டோபர் 19. உருளைக்கிழங்கு ரொட்டி, ஒரு கட்டு.
2009 மார்ச் 11. ராஷ் பண்ணை கைமாறியது: 2,350,000 டாலர்.
2009 செப்டம்பர் 4. சங்கிலியும் பூட்டும்: 38 டாலர்.
2011 மே 17. வழக்குச் செலவு, அன்று வரை: 23,940 டாலர்.
2012 ஜூன் 14. ஏலம்: 416,000 டாலர்.
அதே நாள். எங்கள் சங்கத்தின் கையில் இருந்தது: 17,272 டாலர்.
அந்த ஏலப் பணத்தின் வட்டியில் கில்பி பள்ளிக்கூடத்தின் பங்கு, ஆண்டுக்கு: 11 டாலர் 60 சென்ட்.

கடைசித் தொகை மட்டும் நானே போட்ட கணக்கு. வட்டி நாலரை சதம் என்றும், மாநிலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிகிறது என்றும், எங்கள் பள்ளியில் எண்பத்தெட்டுப் பிள்ளைகள் என்றும் வைத்துப் போட்டது. தவறு இருந்தால் சில சென்ட்டுகள் இருக்கலாம். மற்றவை ரசீதுப்படி.

ஆர்டிஸ் வோல்டன் அந்தப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் சமையல் செய்தவர். மான்டானா மாநிலத்தின் வடக்கில், ரயில் பாதையை ஒட்டி இருக்கும் எங்கள் ஊரில், இன்று நடுவயதில் இருப்பவர்கள் எல்லோரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள். அவர் சமையலைப் பற்றி யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. குறையும் சொன்னதில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் "அது யாருக்கு? எனக்கா?" என்று கேட்பார். மிச்சம் குறைந்தது.

அவர் கணவர் ராய், நான் எடைமேடையில் வேலை பார்த்த அதே தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். 1973 ஆகஸ்டில் குதிருக்குள் கட்டி தட்டிப்போன கோதுமையை உடைக்க இறங்கியவர் மேல் கோதுமை சரிந்தது. ஆர்டிஸுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள். ராயின் துப்பாக்கி ஒரு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் அதை எடுத்துத் துடைத்தார். பள்ளிச் சம்பளம் வாடகைக்கும், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கும் சரியாகிவிடும். இறைச்சிக்கு மான்தான்.

மான் இருந்த இடம் முப்பத்தாறு. அளவைக்காரர்கள் கொடுத்த எண் அது. நாங்கள் பெயராகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு சதுர மைல் மேய்ச்சல் நிலம், நடுவில் டாப்சன் ஓடை, ஓடையோரம் வில்லோப் புதர். மாநிலம் உருவான நாளில் பள்ளிகளுக்கென்று ஒதுக்கிய நிலம். மேய்ச்சல் குத்தகை ராஷ் குடும்பத்துக்கு. வேட்டையாட, உரிமம் வைத்திருக்கும் எவருக்கும் உரிமை உண்டு. ஒரே சிக்கல், நாலு பக்கமும் ராஷ் பண்ணை. ஊர்ச் சாலையிலிருந்து அங்கே போக, எமில் ராஷின் வீட்டு முற்றத்தைத் தாண்டி இரண்டு மைல் மண்பாதை.

வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் ஆர்டிஸ் எமில் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டினார். கையில் ரொட்டிக் கட்டு. அன்றைய பேச்சை எமில் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒரு வார்த்தை மாறாமல்.

"என்ன வேணும்?"

"நாளைக்கு முப்பத்தாறுக்குப் போகணும். உங்க பாதை வழியா."

"அது அரசாங்க நிலம். என்ன எதுக்குக் கேக்கற?"

"நிலம் அரசாங்கத்தோடது. பாதை உங்களோடது."

"சுடத் தெரியுமா?"

"ராய் சொல்லிக் குடுத்திருக்காரு."

"மானுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"தெரியும். மாடு உங்களோடது."

எமில் ரொட்டியை வாங்கிக்கொண்டார். "கதவ மூடிட்டுப் போ," என்றார். வீட்டுக் கதவை அல்ல. மேய்ச்சல் கம்பி வேலியின் கதவை. அதைத் திறந்து போட்டுவிட்டால் மாடுகள் சாலைக்கு வந்துவிடும். இந்தப் பக்கத்தில் ஒரு மனிதரைப் பற்றி விசாரிக்கும்போது, கேட்டுவிட்டுப் போகிறவரா, கதவை மூடுகிறவரா என்று இரண்டுதான் விசாரிப்போம்.

அந்த வருடம் ஆர்டிஸ் ஒரு பெண் மானைச் சுட்டார். தானே குடலை எடுத்து, தானே இழுத்து வந்தார். முதுகுத் தசையில் ஒரு துண்டை எமில் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொரு வருடமும் இதேதான்: முன்னால் ரொட்டி, பின்னால் இறைச்சி. அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே அப்படித்தான். நான் தேன் கொண்டுபோவேன். இரும்புக்கடை ஹார்லன் டூலி ஒரு பெட்டி ஆணியோ ஒரு பாட்டில் விஸ்கியோ கொண்டுபோவான். எமில் ஆணியைத்தான் விரும்பினார்.

எமில் 2008 ஜனவரியில் இறந்தார். மகள் காரின் நகரத்தில் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். பண்ணையை நடத்த அவளால் முடியாது, விற்றாள். அதில் நான் குறை காண மாட்டேன். வாங்கியது தெற்கிலிருந்து வந்த ஒரு கம்பெனி. 'சில்வர் ரிட்ஜ் பண்ணை' என்று இரும்பில் வெட்டி நுழைவாயிலில் மாட்டினார்கள். மேலாளர் பிரைஸ் ஹோலன். நல்ல பற்கள், சேறு படாத பூட்ஸ். செப்டம்பரில் மண்பாதையின் தலைப்பில் சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டை விற்றவன் ஹார்லன்தான். எதற்கென்று அவன் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

முதல் வருடம் நாங்கள் ஆளுக்கொரு முறை போன் செய்து கேட்டோம். "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். பருவம் முடிந்தது. அடுத்த வசந்தத்தில் கம்பெனி மாநில நில அலுவலகத்துக்கு எழுதியது: முப்பத்தாறைத் தங்களுக்கு விற்க வேண்டும் என்று. அலுவலகத்தின் விதி ஒன்று உண்டு. பொதுமக்கள் போகவர வழியில்லாத நிலம், வருமானமும் குறைவு என்றால் ஏலத்தில் விற்று, பணத்தைப் பள்ளி நிதியில் போடலாம். முப்பத்தாறுக்கு வழியில்லை. ஏன் வழியில்லை? பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டைப் போட்டது யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

வேட்டைக்காரர் சங்கம் கூடியது, லூத்தரன் கோயிலின் கீழ்த்தளத்தில், காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி. நான் சங்கத்தின் செயலாளர். நகரத்திலிருந்து நாடீன் சோபெக் என்ற வக்கீலை வரவழைத்திருந்தோம். சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண்.

"பாதையில பொதுமக்களுக்கு உரிமை இருக்குன்னு கோர்ட்டுல நிரூபிச்சா, முப்பத்தாறுக்கு வழி இருக்குன்னு ஆயிடும். வழி இருந்தா விக்க முடியாது," என்றார்.

"நிரூபிக்கறதென்ன?" என்றான் ஹார்லன். "ஊரே முப்பது வருஷமா போயிருக்கு. எங்க அப்பா போயிருக்காரு. எங்க நாயே போயிருக்கு."

"எப்படிப் போனீங்க?"

"பிக்கப்லதான்."

சிரித்தார்கள். நாடீன் சிரிக்கவில்லை.

"கேட்டுட்டுப் போனீங்களான்னு கேக்கறேன். அஞ்சு வருஷம் தொடர்ந்து, யாரையும் கேக்காம, உங்க உரிமைங்கற மாதிரி போயிருந்தாத்தான் சட்டம் அத உரிமைன்னு ஒத்துக்கும். கேட்டுட்டுப் போனா அது அவர் காட்டின தயவு. தயவு அவரோட செத்துப் போயிடும்."

அங்கே இருந்தவர்களில் கேட்காமல் போனவர் என்று ஒருவர்கூட இல்லை. வாழ்நாள் முழுக்க எதை ஒழுங்கு என்று நினைத்தோமோ, அதுவே எங்களுக்கு எதிரான சாட்சி.

நாடீன் விடவில்லை. எமில் ஊரில் இல்லாத காலம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இருந்தது. 1983 முதல் 1987 வரை ஐந்து இலையுதிர் காலங்கள். எமிலின் மனைவி ஹில்டாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. எமில் அவரையும் காரினையும் கூட்டிக்கொண்டு கிரேட் ஃபால்ஸ் நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தார். மேய்ச்சலைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு விட்டிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. ஹில்டா இறந்த பிறகு, 1988 வசந்தத்தில்தான் திரும்பி வந்தார்.

"அந்த அஞ்சு வருஷம் யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்ட கேக்கறது? பூனைங்ககிட்டயா?" என்றான் ஹார்லன். "போனோம், வந்தோம். கதவ மூடினோம்."

"நீங்க எல்லாரும் அப்படித்தானா?"

ஆம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அது உண்மைதான். சரியாக ஐந்து வருடம். நாடீன் முதல்முறையாகக் காப்பியைக் குடித்தார்.

பின்வரிசையிலிருந்து ஆர்டிஸ் கேட்டார்: "யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா?"

"அவங்க ஒருத்தருக்கு மட்டும் போச்சு. மத்தவங்க உரிமை நிக்கும்."

"எல்லாருக்கும் சேத்துக் கேட்டிருந்தா?"

"அப்ப வழக்கே இல்ல மேடம்."

கூட்டம் முடிந்து ஆர்டிஸ் கோப்பைகளைக் கழுவினார். அவரை வீட்டில் விட நான் வண்டி எடுத்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் சொன்னார்:

"லீலண்ட், நான் கேட்டேன்."

"எப்ப?"

"அஞ்சு வருஷமும். பள்ளிக்கூடத்துக்குச் சாமான் வாங்க அக்டோபர்ல கிரேட் ஃபால்ஸ் போவேன் இல்ல, அப்ப. ஹில்டா அந்த நெலமைல இருக்கா. ஊர்ல இருந்து ஒவ்வொருத்தனா தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு அந்த வாசல்ல போய் நின்னா நல்லா இருக்குமா? அதனால ஊருக்கே சேத்து நான் கேட்டேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லயே?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க பாட்டுக்குப் போனீங்க. நான் கேட்டாச்சு."

மறுநாள் நாடீனிடம் போய்ச் சொல்லிவிட்டார். நாடீன், "நான் உங்களைச் சாட்சியாக் கூப்பிட மாட்டேன். மத்தவங்க அவங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுவாங்க. அது பொய் இல்ல. ஆனா எதிர்த்தரப்பு கூப்பிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றதாக ஆர்டிஸ் சொன்னார். விஷயம் ஊரிலும் கசிந்தது. என்னிடமிருந்து அல்ல. ஹார்லன் ஆர்டிஸ் வீட்டுக்கே போய், "உனக்கு வயசாச்சு, ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். சரியா?" என்றான். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றார் ஆர்டிஸ். "ஏழாம் வகுப்புல நீ கேரட்ட ஜன்னல் வழியா வீசினது கூட."

விசாரணை 2011 மே 17. ஹார்லனும் ஐந்து பேரும் சாட்சி சொன்னார்கள். நன்றாகவே சொன்னார்கள். பிறகு கம்பெனி வக்கீல் காரினை அழைத்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் மிசஸ் வோல்டன் அந்த வாடகை வீட்டுக்கு ரொட்டி கொண்டுவருவார் என்றாள் அவள். சமையலறையில் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது, டிவி பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். நாடீன் எழுந்து, "பேசினது எதுவும் உங்க காதுல விழல, இல்லயா?" என்று கேட்டு, "இல்ல" என்ற பதிலை வாங்கிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து ஆர்டிஸ். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். பைபிள் மேல் கை வைத்தார். அந்தச் சமையலறையில் பேசிக்கொண்டவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த அஞ்சு வருஷமும் எமில் ராஷப் பாக்கப் போனீங்களா, மிசஸ் வோல்டன்?"

"போனேன்."

"எதுக்காக?"

"ஹில்டாவப் பாக்க."

என் பக்கத்தில் ஹார்லன் பெருமூச்சு விட்டான்.

"அதுக்கு மட்டுமா?"

ஆர்டிஸ் எங்களைப் பார்க்கவில்லை. காரினைப் பார்த்தார். ஆம் என்ற ஒரு சொல் போதும். யாரும் மறுக்க முடியாது.

"இல்ல. பாதைக்குக் கேக்கவும்தான்."

"உங்களுக்காகவா?"

"கில்பி ஊருக்காக. எல்லாருக்கும் சேத்து."

"அவர் என்ன சொன்னார்?"

"'வழக்கம்போலத்தான். கதவ மூடச் சொல்லு'ன்னாரு."

"ஊர்க்காரங்ககிட்ட சொன்னீங்களா?"

"கதவ மூடச் சொன்னேன்."

நீதிபதி ஹார்லனைப் பார்த்தார். ஹார்லன் தன் கைகளைப் பார்த்தான். ஒவ்வொரு அக்டோபரிலும் ஆர்டிஸ் அவன் கடைக்கு வந்து, கவுண்டரில் விரலால் தட்டி, "கதவ மூடுங்க, எல்லார்கிட்டயும் சொல்லு" என்று தொணதொணத்தது எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அவர் குணம் அது என்று நினைத்திருந்தோம். எமிலின் செய்தி அது.

தீர்ப்பு ஜூலையில் வந்தது. ஊர் சார்பில் அனுமதி கேட்கப்பட்டது. நில உடைமையாளர் கொடுத்தார். எனவே பொது உரிமை இல்லை. நீதிபதி ஆர்டிஸைப் பற்றி "நேர்மையான சாட்சி" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரிக்கு நாங்கள் கொடுத்த விலை பக்கம் பக்கமாக என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊர் நடந்துகொண்ட விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன். யாரும் கல் எறியவில்லை. மளிகைக் கடையில் வணக்கம் சொன்னார்கள். ஆனால் காப்பிக் கடையில் அவர் வந்தால் பேச்சு வானிலைக்கு மாறும். கோயில் விருந்துக்கு அவர் கொண்டுவந்த பாத்திரம் நிறைந்தபடியே திரும்பிப் போனது. அவர் கையால் வளர்ந்தவர்கள்தான் அன்று வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் காப்பிக் கடையில் ஹார்லன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்:

"ஊருக்கே சேத்துக் கேட்ட மகராசி வந்திருக்காங்க. அப்படியே சொர்க்கத்துக்கும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்க. எங்களுக்கும் கதவு தொறக்கட்டும்."

ஆர்டிஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பூட்டு முப்பத்தெட்டு டாலராமே, ஹார்லன். நல்ல பூட்டா?"

ஹார்லன் முகம் சிவந்தது. அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

ஒரு முறை நானே அவரிடம் கேட்டேன். குற்றம் சாட்ட அல்ல. எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஹில்டாவப் பாக்க மட்டும்தான்னு சொல்லியிருக்கலாமே, ஆர்டிஸ்?"

"சொல்லியிருக்கலாம். அப்ப நாமெல்லாம் அஞ்சு வருஷம் ஒருத்தன் பொண்டாட்டி செத்துட்டிருக்கற நேரம் பாத்து, அவன் முற்றத்துல கேக்காம பூந்து போனவங்கன்னு ஆயிருக்கும். அத நிரூபிக்கத்தான் வக்கீலுக்கு அத்தன பணம் குடுத்தீங்க. நான் அப்படிப் போகல. நீயும் போகல, உனக்குத் தெரியாட்டியும்."



ஏலம் 2012 ஜூன் 14, மாவட்ட நீதிமன்றப் படிக்கட்டில். மிச்சமிருந்த 17,272 டாலரோடு நான் போனேன், சும்மா இருக்க முடியாமல். ஆரம்ப விலையே 416,000. கேட்டவர் பிரைஸ் ஹோலன் ஒருவர்தான். ஏலம் விட்டவர் மூன்று முறை சொல்லி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "பணம் முழுக்க நம்ம பிள்ளைங்க படிப்புக்குத்தான் போகுது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

ஆர்டிஸ் கீழ்ப்படியில் நின்றிருந்தார். பிரைஸ் இறங்கி வந்து தொப்பியைத் தொட்டார்.

"மிசஸ் வோல்டன், கோர்ட்டுல நீங்க பேசினது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு எங்க கதவு எப்பவும் திறந்திருக்கும். எழுதிக் கேளுங்க. நாங்க நல்ல பக்கத்து வீட்டுக்காரங்க."

"நேர்ல வந்து கேக்கறதுதான் எனக்குப் பழக்கம்."

"இப்ப எல்லாம் எழுத்துல இருக்கணும் மேடம். கம்பெனி முறை."

ஆர்டிஸ் எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை. எழுதினார். செப்டம்பர் 10 அன்று தபாலில் போட்டார். அதற்கு முன்னால் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு பண்ணைக்கே போயிருக்கிறார். தட்டுவதற்குக் கதவு எதுவும் எட்டவில்லை. அலுவலகம் பூட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் உள்ளே. நுழைவாயிலில் ஒரு கேமரா. அதன் முன் சற்று நேரம் நின்றுவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறார். அந்த ரொட்டியை நாங்கள் இருவரும் என் வீட்டில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம்.

"என்ன எழுதின?"

"முப்பத்தாறுல ஒரு நாள் மான் சுட அனுமதி வேணும், நடந்தே போவேன், கதவ மூடிருவேன்னு எழுதினேன். வேற என்ன எழுத?"

"ஏன் எழுதின? இத்தனைக்கு அப்புறமும்?"

"இப்ப அவங்களோடது. அவங்களோடதுன்னா கேக்கணும்."

அந்த வருடம் பருவம் அக்டோபர் 20 முதல் நவம்பர் 25 வரை. நான் அறுபது மைல் தள்ளி இருந்த மத்திய அரசு நிலத்துக்குப் போனேன். ஆர்டிஸையும் கூப்பிட்டேன். பதில் வரட்டும் என்றார். துப்பாக்கியைத் துடைத்து, ஆரஞ்சு மேல்சட்டையைக் கதவுக்குப் பின் மாட்டி, தினமும் காலையில் தபால் நிலையத்துக்கு நடந்தார். தபால் நிலையத்து லோயிஸ், கேட்கும் முன்பே தலையை ஆட்டிவிடுவார்.

வெளிமாநில எண் பலகையோடு பெரிய வண்டிகள் ஊரைக் கடந்து பண்ணைக்குப் போயின. ஒரு எல்க் மானுக்கு, தங்கும் இடமும் சாப்பாடும் சேர்த்து, ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் என்று அவர்களில் ஒருவர் ஹார்லன் கடையில் கையுறை வாங்கும்போது சொன்னாராம். முப்பத்தாறைப் பற்றி அவர், "அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தமே கேட்டதில்ல போல, மானுங்க கிட்டத்துல வந்து நிக்குது" என்று வியந்தாராம். ஹார்லன் அதை என்னிடம் சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைத் தப்பாக எண்ணினான்.

நவம்பர் மூன்றாம் வாரம் ஆர்டிஸ் வீட்டு வாசலில் ஒரு பின்தொடை இறைச்சி இருந்தது. பெயர் எதுவும் எழுதவில்லை, ஆனால் சுற்றியிருந்தது ஹார்லன் கடையின் பழுப்புக் காகிதம். ஆர்டிஸ் அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "நான் கேக்கல," என்றார். அவ்வளவு கடுமை தேவையா என்று தோன்றியது. இறைச்சியை வாங்கி என் ஃப்ரீசரில் வைத்தேன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. தெளிந்த வானம், கொஞ்சம் பனி. மாலையில் டாப்சன் ஓடைப் பக்கமிருந்து இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. ஆர்டிஸ் அப்போது என் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு கையிலிருந்த சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"முதல் குண்டு சரியாப் படல," என்றார். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பதில் வந்தது. சில்வர் ரிட்ஜ் பண்ணையின் தடித்த தாளில், பிரைஸ் ஹோலன் கையெழுத்தோடு. மிசஸ் வோல்டனின் கோரிக்கை மகிழ்ச்சியோடு ஏற்கப்படுகிறது. நடப்புப் பருவத்தில் அவர் விரும்பும் ஏதேனும் ஒரு நாள், நடந்து மட்டும், இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. இது ஒருமுறை காட்டப்படும் தயவு, எந்த உரிமையையும் உண்டாக்காது. தயவுசெய்து கதவை மூடவும்.

ஆர்டிஸ் அதை உறையோடு என்னிடம் கொடுத்தார். பிறகு அவர் அவர்களுக்கு எழுதவில்லை; அவர்களும் எழுதவில்லை. கடிதத்தின் தலையில் இருந்த தேதி அக்டோபர் 29. உறை மேல் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தின் முத்திரை, நவம்பர் 26. அது ஆர்டிஸின் பெட்டிக்கு வந்தது 2012 நவம்பர் 27, செவ்வாய்க்கிழமை.